பின்வண்டியின் வாலாட்டம்: அதனை அடக்கும் கருவியைத் தேரும் முறை

1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தார் எடுப்பித்த புகைப்படம் ஒன்று உலகெங்கும் பெயர் பெற்றது. ஆல்ஃபிரெட் லெதூர்னர் என்னும் சைக்கிள் பந்தய வீரர், அந்நிறுவனத்தின் வீட்டுவண்டி ஒன்றைத் தம் சைக்கிளின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் காட்சி அது. எங்கள் வண்டி அத்துணை இலகுவானது என்று மக்களுக்கு உணர்த்துவதே அப்படத்தின் நோக்கம். படம் சொன்னது பொய்யன்று. நன்கு உருளும் சக்கரமுடைய வண்டியைச் சமதரையில் மெல்ல இழுப்பது அரிய செயலாகாது. இழுபடும் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலும் பின்னே நேராக வருமாறு செய்வதுதான் அரிது. அதற்குத் தசை வலியோ எஞ்சின் வலியோ போதாது, கணக்கு வேண்டும்.

விடுமுறைக் காலத்தில் வீட்டையே காரின் பின்னே பூட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிய ஒன்று. அவ்வாறு செல்வோர் பெரிதும் அஞ்சுவது பின்வண்டி இடமும் வலமுமாக அலையத் தொடங்கி, இறுதியில் காரையும் புரட்டிவிடும் விபத்தை. இதனைத் தடுப்பதற்கென்று பலவகைக் கருவிகள் கடைகளில் விற்கின்றன. எதனை வாங்குவது என்று கேட்போர் பலர். எதற்காக வாங்குகிறோம் என்று கேட்போர் சிலர். இரண்டாவது வினாவுக்கு விடை கண்டால் முதல் வினா தானே எளிதாகும். இக்கட்டுரையில் இழுக்கும் வண்டியை முன்வண்டி என்றும், இழுபடும் வீட்டுவண்டியைப் பின்வண்டி என்றும், பின்வண்டியின் அலைவை வாலாட்டம் என்றும் வழங்குவோம். பேச்சு வழக்கில் அடங்காமல் திமிறுவதையும் நாம் வாலாட்டுதல் என்றே சொல்வதால், அச்சொல் இங்கு இருவகையாலும் பொருந்தும்.

வாலாட்டம் என்பது யாது?

முன்வண்டியின் பின்புறத்தில் உருண்டையான இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். பின்வண்டியின் மூக்கில் உள்ள கிண்ணம் அக்குமிழின்மேல் கவிந்து பூட்டிக்கொள்ளும். நம் இடுப்பு மூட்டைப் போல எப்பக்கமும் திரும்பக்கூடிய பூட்டு இது. இவ்வமைப்பு இல்லையேல் வளைவுகளில் திரும்ப இயலாது. இவ்வமைப்பு இருப்பதனாலேயே வாலாட்டமும் எழுகிறது.

குமிழ் முன்வண்டியின் பின் அச்சுக்கு நேர்மேலே இருப்பதில்லை. அதற்கும் பின்னே தள்ளி நிற்கிறது. காற்று ஒரு வீச்சு வீச, பின்வண்டியின் வால் இடப்புறம் ஒதுங்குவதாகக் கொள்வோம். அப்போது அதன் மூக்கு வலப்புறம் போகும். போகையில் குமிழையும் வலப்புறம் தள்ளும். குமிழ் பின் அச்சுக்குப் பின்னே இருப்பதால், முன்வண்டியின் பின்புறம் வலப்பக்கம் ஒதுங்கி, முகம் இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பிய முன்வண்டி பின்வண்டியை மேலும் ஒருபுறம் இழுக்கிறது. இவ்வாறு நாய் வாலை ஆட்டியது போக, வால் நாயை ஆட்டத் தொடங்குகிறது.

இக்கூற்றுக்குச் சான்று வேண்டுமாயின், ஐந்தாம் சக்கரம் என்று அமெரிக்கர் அழைக்கும் இணைப்பைக் காண்க. அதில் பின்வண்டியின் முளை, திறந்த லாரியின் தட்டினுள்ளே, ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர்மேலே அமர்கிறது. தள்ளுவதற்கு நெம்புகோல் இல்லாமையால் அவ்வகை வண்டிகளில் வாலாட்டம் மிக அருகியே காணப்படுகிறது.

வேகம் செய்யும் வினை

நம் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றிய வண்டியைப் பூட்டிக்கொண்டு டிராக்டர் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். மேடு பள்ளத்தில் அது குலுங்கும். ஆனால் வாலாட்டம் என்ற ஒன்றை நாம் கண்டதில்லை. காரணம் அதன் மெதுவான வேகமே. வேகம் கூடுகையில் மாறுவது யாது?

சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் செல்லும் திசைக்கும் இடையே சிறிது கோணம் உண்டானால்தான் டயர் பக்கவாட்டில் எதிர்த்து நிற்கும். அதனைச் சறுக்குக் கோணம் என்போம். கோணம் சிறிதாயின் எதிர்ப்பும் சிறிது. பின்வண்டி பக்கவாட்டில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அலைகிறது என்க. முன்னோக்கிய வேகம் வினாடிக்கு 10 மீட்டராயின், அந்த அலைவினால் எழும் கோணம் பத்தில் ஒரு பங்கு சரிவுடையது. முன்னோக்கிய வேகம் 20 மீட்டரானால், அதே அலைவு இருபதில் ஒரு பங்கு சரிவையே உண்டாக்கும். ஆகவே வேகம் இரட்டிப்பானால் அலைவைத் தணிக்கும் எதிர்ப்பு பாதியாகிறது. வண்டியை நடுக்கோட்டுக்கு இழுக்கும் விசை மட்டும் அவ்வாறு குறைவதில்லை. இழுப்பு இருக்கிறது, தணிப்பு இல்லை என்றால் ஊசல் ஓயாமல் ஆடும் அன்றோ? அதுவே இங்கு நிகழ்கிறது.

ஒவ்வொரு சோடி வண்டிக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே எழும் ஆட்டம் தானே அடங்கும். அந்த எல்லையில் ஆட்டம் அடங்காது, வளரவும் செய்யாது. அதனைக் கடந்தால் ஒவ்வோர் அலைவும் முந்தியதைவிடப் பெரிதாகும். இவ்வெல்லையைச் சோதித்து அறியும் முறையை உலகத் தர அமைப்பின் 9815-ஆம் தரவிதி வகுத்துரைக்கிறது. எந்தக் கருவியும் இந்த எல்லையைச் சற்று மேலே தள்ளலாம். அடியோடு நீக்கிவிடும் என்று எண்ணலாகாது. இக்கட்டுரையில் வாசகர் மறவாது கொள்ளவேண்டிய கருத்து இது.

பாரம் அமரும் இடம்

மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர் முன்பாரம், பின்பாரம் என்று பேசினர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும்; முன்பாரம் மிகுந்தால் மாடு முழங்காலிடும். மயிலிறகையும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அது பாரத்தின் அளவு பற்றிய எச்சரிக்கை. நாம் ஈண்டு கருதுவது பாரம் அமரும் இடம்.

அம்பின் தலை கனமாகவும் வால் இறகாகவும் இருப்பதால் அது நேரே பாய்கிறது. பின்வண்டிக்கு டயர்களே இறகுகள். வண்டியின் கனநடு அச்சுக்கு முன்னே இருந்தால் டயர்கள் பின்னிருந்து அதனை நேர்ப்படுத்தும். கனநடு அச்சுக்குப் பின்னே போய்விட்டாலோ, அம்பைத் திருப்பி எய்தது போலாகும்.

ஆகவே பின்வண்டியின் மூக்கு, குமிழின்மேல் ஓரளவு கனத்தோடு அழுந்த வேண்டும். வட அமெரிக்காவில் இது பாரம் ஏற்றிய பின்வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருத்தல் வேண்டும் என்பர். 2,500 கிலோகிராம் வண்டிக்கு அது 250 முதல் 375 கிலோகிராம் ஆகும். பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடு என்பதே வழக்கமான அறிவுரை. 1,500 கிலோகிராம் வண்டிக்கு அது 75 முதல் 105 கிலோகிராம். அங்குள்ள கார்களும் இணைப்புகளும் பெரும்பாலும் 100 கிலோகிராம் அளவையே தாங்குமாறு அமைந்தவை. வேக வரம்பும் குறைவு. ஒரு நாட்டின் விதியை மற்றொரு நாட்டின் வண்டிக்குப் பொருத்துவது தவறு. எங்காயினும் காரும் இணைப்பும் தாங்கும் உச்ச அளவை மீறுதல் ஆகாது.

மூக்குப் பாரம் சரியாக இருந்தாலே போதுமா? போதாது. 100 கிலோகிராம் எடையுள்ள இரு மூட்டைகளை அச்சுக்கு முன்னும் பின்னும் 1 மீட்டர் தொலைவில் வைப்போம். பின்னர் அவற்றையே 3 மீட்டர் தொலைவுக்குத் தள்ளி வைப்போம். இரண்டிலும் மொத்த எடை ஒன்றே. மூக்குப் பாரமும் ஒன்றே. ஆனால் சுழற்சியை எதிர்க்கும் சடத்துவம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், இரண்டாம் நிலையில் அம்மூட்டைகளின் சடத்துவம் 9 மடங்காகிறது. அத்தகைய வண்டியை ஆடவைப்பது சற்றுக் கடினம். ஆடத் தொடங்கிவிட்டால் நிறுத்துவது மிகக் கடினம். எனவே கனமான பொருள்களை அச்சின் அருகே, தரையை ஒட்டி வைக்க வேண்டும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தார், பாரத்தை வேண்டியவாறு மாற்றி அமைக்கத்தக்க சோதனை வண்டியொன்றை ஓட்டிப் பார்த்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். மூக்குப் பாரம், அச்சு அமையும் இடம், சுழற்சிச் சடத்துவம் ஆகியவை நிலைப்பாட்டைப் பெரிதும் மாற்றுவதை அவ்வாய்வு காட்டிற்று.

பாரம் பகிர்தல் வேறு, ஆட்டம் அடக்குதல் வேறு

கருவி வாங்குவோர் பெரிதும் மயங்கும் இடம் இதுவே. 300 கிலோகிராம் பாரம் முன்வண்டியின் வாலில் அழுந்தினால், பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்பும். முன் சக்கரங்கள் தரையைப் பற்றும் வலி குறையும். திசை திருப்புவதும் தடை பிடிப்பதும் தளரும். இதனைச் சரிசெய்வதற்கே பாரம் பகிரும் இணைப்பு ஏற்பட்டது. அதில் இரண்டு வில்தண்டுகள் நெம்புகோலாக நின்று, பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கும் மற்றொரு பங்கைப் பின்வண்டியின் சக்கரங்களுக்கும் அனுப்புகின்றன.

இது நல்ல கருவி. ஆயினும் இது தன்னளவில் வாலாட்டத்தை அடக்கும் கருவியன்று. வில்தண்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் முன்வண்டியின் பின் சக்கரங்கள் பாரம் இழந்து பிடிப்புக் குறையும். அதனால் வாலாட்டம் மிகவும் கூடும். மேலும், சில கார்களுக்கு இவ்விணைப்பைப் பூட்டலாகாது என அவற்றைச் செய்தவர்களே கையேட்டில் தடுத்துள்ளனர். கையேட்டைப் படித்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும்.

கருவிகளின் வகை

முதல் வகை, உராய்வுத் தண்டு. முன்வண்டியின் இணைப்புக்கும் பின்வண்டியின் சட்டத்துக்கும் குறுக்கே ஒரு தண்டு பூட்டப்படும். வண்டி திரும்புகையில் அது உறையினுள் நீண்டும் குறுகியும், உராய்வுப் பட்டைகளால் ஆட்டத்தைத் தடுக்கும். விலை குறைவு, சிறு வண்டிகளுக்கு ஏற்றது. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துமுன் இதனைக் கழற்ற வேண்டும். மறந்தால் தண்டு வளைந்துபோகும். மழையில் உராய்வு குறைவதும் உண்டு.

இரண்டாம் வகை, பாரம் பகிரும் இணைப்போடு உராய்வையும் சேர்த்த கருவி. ஈக்குவலைசர் என்னும் கருவியில் வில்தண்டுகள் தாங்கிகளின்மேல் அழுந்தி உராய்கின்றன. ரீஸ் நிறுவனத்தின் இரட்டைக் கேம் கருவியில், தண்டின் முனைகள் குமிழ்ப் பள்ளங்களில் அமர்ந்து வண்டியை நடுநிலைக்கு இழுக்கின்றன. அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள வீட்டுவண்டிகளுக்குப் பெரிதும் பயன்படுவது இவ்வகையே.

மூன்றாம் வகை, ஐரோப்பாவின் உராய்வுக் கிண்ணம். அல்கோ, வின்டர்ஹாஃப் முதலிய நிறுவனங்கள் செய்யும் இக்கிண்ணத்தினுள் உள்ள பட்டைகள் 50 மில்லிமீட்டர் குமிழை இறுகப் பிடிக்கும். குமிழில் எண்ணெயோ மசகோ வண்ணப்பூச்சோ இருத்தலாகாது. சாதாரணக் குமிழுக்கு மசகு இடும் பழக்கமுடையோர் இங்கும் இட்டால், கருவி இருந்தும் இல்லாததே ஆகும்.

நான்காம் வகை, ஹென்ஸ்லி, புரோபிரைடு என்னும் பெயர்களில் விற்கும் நாற்கோல் இணைப்பு. இதில் உராய்வை நம்புவதில்லை. ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்த கோல்கள், வண்டி திரும்பும் புள்ளியைக் கணித முறையால் முன்வண்டியின் பின் அச்சருகே கொண்டு செல்கின்றன. ஐந்தாம் சக்கர இணைப்பின் நன்மையைச் சாதாரணக் குமிழிலேயே பெறும் சூழ்ச்சி இது. காரணத்தையே தொடுவதால் வலிமை மிக்கது. ஆனால் கனமானது, விலையோ பன்மடங்கு.

ஐந்தாம் வகை, மின்னணுக் காவல். முன்வண்டியிலோ பின்வண்டியிலோ உள்ள உணரி அலைவை அறிந்ததும் தடைகளைத் தானே இயக்கும். அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு வகைக் கார்கள் முதலும், ஐரோப்பாவில் 2014 முதல் எல்லாப் புதிய கார்களிலும் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமாயிற்று; பின்வண்டியின் ஆட்டத்தை அறியும் திறனைப் பல நிறுவனங்கள் அதனோடு சேர்த்துள்ளன. பின்வண்டியிலேயே பூட்டும் கருவிகளும் உண்டு. இவையெல்லாம் ஆட்டம் தொடங்கிய பின்னரே செயற்படுவன. தொடங்காமல் தடுப்பன அல்ல.

உராய்வின் எல்லை

உராய்வுக் கருவி வைத்திருப்போர் பலர், இனி அச்சமில்லை என்று கருதுகின்றனர். அது பிழை என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையே.

எல்லை வேகத்தைக் கடந்த வண்டியில், ஒவ்வோர் அலைவிலும் புகும் ஆற்றல் அலைவின் அகலத்தினது வர்க்கத்தைப் பொறுத்தது. உராய்வு உறிஞ்சும் ஆற்றலோ அகலத்தை மட்டும் பொறுத்தது. அகலம் 1 எனில் புகுவது 1, உறிஞ்சப்படுவது 4 என்க. அகலம் 2 எனில் புகுவது 4, உறிஞ்சப்படுவது 8. அகலம் 4 எனில் புகுவது 16, உறிஞ்சப்படுவதும் 16. அகலம் 5 ஆகிவிட்டால் புகுவது 25, உறிஞ்சப்படுவது 20 மட்டுமே.

இதன் பொருள் யாது? சிறு காற்றுக்கும் சிறு குலுக்கலுக்கும் உராய்வுக் கருவி வண்டியை அசையாமல் வைத்திருக்கும். ஓட்டுநர் வண்டி உறுதியாக உள்ளதென நம்பி வேகத்தைக் கூட்டுவார். திடீரெனப் பெருங்காற்றோ, பக்கத்தில் கடக்கும் பெரிய லாரியின் காற்றுத் தள்ளலோ, பள்ளத்தை விலக்கும் அவசரத் திருப்பமோ ஆட்டத்தை 4-க்கு மேல் கொண்டுபோனால், அதே கருவி கைவிட்டுவிடும். கருவி இல்லாத வண்டி சிறு ஆட்டங்களால் முன்னரே எச்சரித்திருக்கும். கருவி அந்த எச்சரிக்கையை மறைத்துவிட்டது. காய்ச்சலைத் தணிக்கும் மருந்து நோயைத் தீர்த்ததாக எண்ணுவது போன்றது இது. ஆகவே பின்பாரத்தால் ஆடும் வண்டிக்குக் கருவி பூட்டுவது தீர்வாகாது. பாரத்தை மாற்றுவதே தீர்வு. நன்றாக ஏற்றிய வண்டிக்குக் கூடுதல் காப்பாகக் கருவியைப் பூட்டுவதே முறை.

தேர்வு செய்யும் வரிசை

முதலாவதாக, பயணத்துக்கு ஏற்றிய நிலையிலேயே வண்டிகளை நிறுக்க வேண்டும்; விளம்பரத் தாளில் உள்ள வெற்று எடை போதாது. அமெரிக்காவில் லாரிகள் தங்கும் நிலையங்களில் எடைமேடைகள் உள்ளன. மூக்குப் பாரம் வீட்டுத் தராசின் அளவை மீறினால் நெம்புகோல் முறை உதவும். ஒரு கட்டையின் ஒரு முனையைத் தராசின்மேலும் மறு முனையைச் செங்கல்லின்மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில் மூக்கை அமர்த்தினால், தராசு மூன்றில் ஒரு பங்கையே காட்டும். கட்டைக்குரிய அளவைக் கழித்து 100 கிலோகிராம் வந்தால், மூக்குப் பாரம் 300.

இரண்டாவதாக, முன்வண்டியின் தகுதியைப் பார்க்க வேண்டும். புதிதாக இழுப்போர், பின்வண்டியின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு கொள்க என்பது பிரிட்டனில் வழங்கும் அறிவுரை. மூன்றாவதாக, டயர்களின் காற்றழுத்தத்தையும் வயதையும், பின்வண்டியின் தடைகளையும் சோதிக்க வேண்டும். இவை மூன்றும் முடிந்த பின்னரே கருவியின் முறை வருகிறது.

சிறு வண்டிக்கு உராய்வுத் தண்டோ உராய்வுக் கிண்ணமோ போதும். 2,500 கிலோகிராம் வண்டியை வலிய காரால் இழுக்கும் அமெரிக்கக் குடும்பத்துக்குப் பாரம் பகிர்வும் உராய்வும் சேர்ந்த இணைப்பு தகும். நீண்ட வண்டியோடு காற்று மிகுந்த சமவெளிகளைக் கடந்து அடிக்கடி செல்வோர், செலவைத் தாங்க முடிந்தால், நாற்கோல் இணைப்பைக் கருதலாம். மின்னணுக் காவல் எவ்வகையோடும் இருப்பது நன்று. எனினும் காரின் காவலும் பூட்டும் கருவியும் ஒன்றோடொன்று இசைவனவா என்று கையேட்டில் காண்க. வண்டி சிறிதும் ஆடாதபோது கருவி வேண்டுமா எனின், எல்லை வேகத்துக்கும் ஓட்டும் வேகத்துக்கும் இடைவெளியைப் பெருக்க வேண்டும் என்பதே விடை. அந்த இடைவெளியை விரைந்து சென்று செலவிட்டுவிட்டால், கருவி வாங்கியும் பயனில்லை.

அரசுகள் வேக வரம்பு வைத்ததும் இதனாலேயே. கலிபோர்னியாவில் பின்வண்டி இழுப்போருக்கு மணிக்கு 55 மைல். பிரிட்டனின் விரைவுச் சாலைகளில் 60 மைல். ஜெர்மனியில் பொதுவாக 80 கிலோமீட்டர். டயர்களின் வயது 6 ஆண்டுக்குள் இருத்தல், இரு வண்டிகளின் எடை விகிதம், அதிர்வுத் தாங்கிகள் முதலிய நிபந்தனைகள் நிறைவுற்றால் மட்டுமே 100.

ஆட்டம் தொடங்கிவிட்டால்

திருப்புவளையை எதிர்ப்புறம் மாறி மாறித் திருப்பலாகாது. நம் கை காலம் தாழ்த்தியே செயற்படுவதால், அடக்கும் முயற்சி ஊஞ்சலை உந்துவது போலாகிவிடும். காரின் தடையை ஓங்கி மிதித்தலும் ஆகாது. முன்வண்டி தயங்கப் பின்வண்டி முந்தும். வேகத்தைக் கூட்டுவது எல்லையை மேலும் மீறுவதாகும். வளையை நேராகப் பற்றி, முடுக்கியிலிருந்து காலை எடுக்க வேண்டும். அமெரிக்க முறையில் பின்வண்டியின் மின்தடையைத் தனியே இயக்கும் கைப்பிடி இருந்தால் அதனை மெல்ல அழுத்த வேண்டும். பின்வண்டி பின்னோக்கி இழுபட்டு நேராகும். இறக்கங்களில் ஈர்ப்பே வேகத்தைக் கூட்டிவிடுவதால், இறங்குவதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். ஆட்டம் அடங்கிய பிறகு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாரத்தைச் சோதிக்காமல் பயணத்தைத் தொடரலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

நெம்புகோல், கனநடு, சடத்துவம், உராய்வு, ஊசல் ஆகிய ஐந்து பாடங்களும் இந்த ஒரு பொருளில் ஒருங்கே வந்துள்ளன. விளையாட்டு வண்டி ஒன்றின் பின்னே இரண்டு சக்கரமுள்ள மற்றொன்றைக் குண்டூசியால் இணைத்து, சாய்ந்த பலகையில் உருளவிடுக. களிமண்ணை முதலில் அச்சின் முன்னும், பிறகு அச்சின் பின்னும் ஒட்டிப் பார்க்கச் சொல்லுக. பலகையின் சாய்வைக் கூட்டக் கூட்ட எந்த வண்டி முதலில் வாலாட்டுகிறது என்பதை மாணவரே கண்டு சொல்வர். பின்னர் இரு வண்டிகளையும் ஒரு ரப்பர் வளையத்தால் பிணைத்து, அது எதுவரை அடக்குகிறது, எங்கே கைவிடுகிறது என்றும் பார்க்கட்டும். பாரத்தை முறையாக வைப்பது முதற்காவல், கருவி இரண்டாங்காவல் என்பதை அவர்கள் நாம் சொல்லாமலே எழுதிவிடுவார்கள்.